புரட்டாசியில் வந்து பங்குனியில் போகும் குருவிகள்: வாசகர் கேள்வி பதில்

தோட்டத்துப் பறவைகள் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன: குளிர்காலம் வருகிறதே, பறவைகளுக்கு என்ன வைக்கலாம்? அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்குப் போவோம்.

வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்காலம் வந்தால் கொழுப்பு உருண்டை, வேர்க்கடலைக் கூடை என்று தொங்கவிடுகிறார்கள். நம் மாடித் தோட்டத்திலும் வைக்கலாமா? (தாம்பரம்)

வேண்டாம். அங்கே அது உயிர்ப் பிரச்சினை. இங்கே வீண் வேலை. லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்கூடக் கிடையாது. 16 மணி நேர இரவில், 10 கிராம் எடையுள்ள ஒரு சிட்டு உடல் சூட்டைக் காப்பாற்றக் கொழுப்பை எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். தரை உறைந்துவிட்டால் புழு பூச்சியும் கிடைக்காது. சென்னையில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான். பகல் 11 மணி நேரத்துக்கு மேல். போதாததற்கு வடகிழக்குப் பருவமழை பெய்து புழு பூச்சியெல்லாம் பெருகும் காலம் இது. நம் சமவெளிப் பறவைகளுக்குக் கஷ்டகாலம் பங்குனிக்கு மேல்தான் வரும். அதுவும் தீனிப் பஞ்சத்தைவிடத் தண்ணீர்ப் பஞ்சம்.

கொழுப்பு உருண்டை நம் வெயிலில் உருகி இறகில் ஒட்டும், இரண்டே நாளில் சிக்கு வாடை அடிக்கும். அதோடு, நம் தோட்டத்துக்கு வருபவற்றில் தானியம் தின்பவை சிட்டுக்குருவி, சில்லை, புறா, கிளி ஆகியவைதான். தையல்சிட்டும் தேன்சிட்டும் வண்ணாத்திக்குருவியும் தானியத் தட்டை எட்டிக்கூடப் பார்க்காது. தட்டு நிறைய வைத்தால் பகலில் மாடப்புறா, இரவில் எலி.

சிட்டுக்குருவிக்காக வைத்தே தீருவேன் என்பவர்கள் கம்பு, தினை, நொய் இவற்றில் ஒன்றை இரண்டு மேசைக்கரண்டி அளவு, மழைச் சாரல் படாத இடத்தில், காலை 7 மணிவாக்கில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் மிச்சம் இருந்தால் அளவு அதிகம் என்று பொருள். மறுநாள் பாதியாகக் குறையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நனைந்த தானியம் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை நஞ்சு பறவையின் ஈரலைக் கெடுக்கும். மிக்சர், பிஸ்கட், பால், உப்புப் போட்ட சாதம் எதுவும் கூடாது. அமாவாசைச் சோறு பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு பிடி சோற்றால் காக்கைக்கு ஒன்றும் ஆகாது. காக்கை விட்டுப்போன மிச்சத்தை அன்று மாலைக்குள் மதிலிலிருந்து வழித்து எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

செப்டம்பர் கடைசியிலிருந்து மருதாணி வேலிக்குள் 'டக்… டக்…' என்று ஒரு சத்தம். எதுவோ பழுப்பாக ஓடுகிறது, முழுசாகக் கண்ணில் படவே இல்லை. தையல்சிட்டா? (திருச்சி)

தையல்சிட்டு இல்லை. அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நடு ஆசியா வரை கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு கிராம் உடம்போடு இத்தனை தூரம் வந்து உங்கள் வேலியில் ஆறேழு மாதம் தங்கும். தமிழ்நாட்டில் புதர் உள்ள எந்தத் தோட்டத்திலும் இதை எதிர்பார்க்கலாம். ஆனாலும் அதிகம் பேர் அறியாத விருந்தாளி இதுதான், ஏனென்றால் பார்க்க அதனிடம் ஒன்றுமே இல்லை. பட்டை இல்லை, புள்ளி இல்லை, வண்ணம் இல்லை. முதுகு ஒரே சீரான மங்கிய பழுப்பு, வயிறு அழுக்கு வெள்ளை, அலகிலிருந்து கண்வரை குட்டையாக ஒரு வெளிர் புருவம்.

காதால்தான் பிடிக்க வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் தட்டி எடுத்தால் வரும் 'டக்' ஓசை, ஒன்றிரண்டு விநாடி இடைவெளி விட்டு விட்டு வரும். தையல்சிட்டு அப்படியல்ல. 'ட்வீட் ட்வீட் ட்வீட்' என்று உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரலில் தொடர்ந்து கத்தும். உச்சந்தலை செம்பழுப்பு, முதுகு பச்சை, வால் நிமிர்ந்திருக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. சத்தம் வேலியிலிருந்து வராமல் வேப்பமர உச்சியிலிருந்து இரண்டு அசையாகக் கீச்சென்று வந்தால், அது பச்சைக் கதிர்க்குருவி. மேலே இலைக் கூட்டத்தில் ஓயாமல் தத்திக்கொண்டிருக்கும், நீண்ட வெளிர் புருவமும் இறக்கையில் மெல்லிய ஒரு கோடும் இருக்கும். கீழே 'டக்', மேலே கீச்சு என்று நினைவில் வைத்தால் முக்கால்வாசி குழப்பம் தீரும்.

பார்க்க ஒரு வழி: வேலியிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, காலை வெயில் உங்கள் முதுகில் படும்படி உட்காருங்கள். சத்தத்தைத் துரத்தாதீர்கள். இந்தக் குருவி தனக்கென்று ஒரு துண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சுற்றிவரும். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் அதுவே உங்கள் முன் வந்து நிற்கும்.

போன வாரம் இரவு எட்டு மணியளவில் எங்கள் வீட்டு விறாந்தைக்குள் பல நிறக் குருவியொன்று பறந்து வந்து சுவரில் மோதி விழுந்தது. தண்ணீர் பருக்கினோம், விடிய முன் இறந்துவிட்டது. என்ன குருவி? என்ன செய்திருக்க வேண்டும்? (யாழ்ப்பாணம்)

நீங்கள் சொல்லும் பச்சை முதுகு, நீலத் தோள், கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு எல்லாம் ஆறுமணிக்குருவிக்குப் பொருந்துகின்றன. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிவிட்டு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேரும். பயணம் இரவில். களைத்துத் தாழப் பறக்கையில் வீட்டு விளக்கு அதைத் திசைதிருப்புகிறது. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் இந்த மாதங்களில் பால்கனி, மாடிப்படி, அலுவலக வாசல் என்று கண்ட இடத்தில் விழுந்து கிடக்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. சுவரில் மோதிப் பிழைத்த பறவையும் விசிறியில் அடிபட்டுச் செத்துவிடும். பிறகு விளக்கைக் குறைத்து, மெல்லிய துவாயை மேலே போட்டு, இறக்கை உடம்போடு ஒட்டியிருக்கும்படி இரண்டு கையாலும் தூக்குங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது. நெஞ்சு விரிந்தால்தான் பறவை மூச்சுவிடும். சப்பாத்துப் பெட்டி அளவுள்ள அட்டைப்பெட்டியில் பென்சில் முனையால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, அடியில் வழுக்காத துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத இருட்டறையில் வையுங்கள்.

தண்ணீர் பருக்கியதுதான் பெரும்பாலும் ஆபத்தாக முடிகிறது. மயக்கத்தில் இருக்கும் பறவைக்கு விழுங்க முடியாது. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் வாசல் திறந்திருப்பதால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். சோறும் பாலும் பாணும் இதன் உணவே அல்ல. இது தரையில் புழு பூச்சி கிளறித் தின்பது. ஓர் இரவு பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. பெட்டியை அரை மணிக்கொரு தரம் திறந்து பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும்.

விடிந்து வெளிச்சம் வந்ததும் புதரடியில் பெட்டியைச் சாய்த்துத் திறந்துவிடுங்கள். வெட்டவெளி முற்றம் கூடாது, காகங்கள் காத்திருக்கும். இறக்கை ஒருபக்கம் தொங்கினால், இரத்தம் வந்தால், காலையிலும் நிற்க முடியாவிட்டால் வைத்தியம் தேவை. தமிழ்நாட்டில் வனத்துறைக்கும் உங்கள் ஊரில் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் சொல்லுங்கள். பூனை கவ்விய பறவை என்றால் காயம் தெரியாவிட்டாலும் அன்றே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். பூனை எச்சிலில் உள்ள கிருமி ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும்.

எங்கள் வரவேற்பறைப் பெரிய கண்ணாடியில் அக்டோபரில் மட்டும் மூன்று பறவைகள் மோதின. பருந்து படம் ஒட்டியும் பயனில்லை. (ஓசூர்)

ஒற்றைப் பருந்துப் படம் பயனில்லைதான். பறவை அந்தப் படத்தை மட்டும் விலக்கிவிட்டுப் பக்கத்துக் கண்ணாடியில் மோதும். கண்ணாடியில் தெரியும் மரமும் வானமும் உண்மை என்று நம்பித்தான் வருகிறது. கண்ணாடி முழுவதும் 5 சென்டிமீட்டர் இடைவெளியில், நெடுக்கிலும் குறுக்கிலும் சின்னப் பொட்டுகள் ஒட்டுங்கள். ஸ்டிக்கர் பொட்டே போதும். ஆனால் வெளிப்பக்கம் ஒட்ட வேண்டும். உள்ளே ஒட்டினால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும். கொசுவலைச் சட்டத்தை வெளியே பொருத்துவது இன்னும் நல்லது.

தோட்டத்தில் இருந்த கருநீலத் தேன்சிட்டு ஆண்கள் காணாமல் போய்விட்டன. அதற்குப் பதில் தொண்டையில் கறுப்புக் கோடு போட்ட ஒன்று வருகிறது. குயிலும் கூவுவதில்லை. எல்லாம் எங்கே போயின? (மதுரை)

எங்கும் போகவில்லை. அந்தக் கோடு போட்டதுதான் உங்கள் பழைய ஆண் ஊதாத் தேன்சிட்டு. கூடு கட்டும் பருவம் முடிந்ததும் மினுக்கும் இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போல மேலே பழுப்பும் கீழே மஞ்சளுமாக மாறிவிடும். மிச்சம் இருப்பது மோவாயிலிருந்து வயிறுவரை இறங்கும் ஒரு கருங்கோடு. வெயில் படும்போது தோளில் ஒரு நீல மினுக்கும் தெரியும்; பெண்ணுக்கு இரண்டும் கிடையாது. மார்கழி, தை வாக்கில் கறுப்பு திட்டுத்திட்டாக ஏறத் தொடங்கும். அந்த இடைக்காலத்தில் பார்த்தால் மை கொட்டியதுபோல அலங்கோலமாக இருக்கும், நோய் என்று பயந்து எழுதுபவர்கள் உண்டு. பக்கத்திலேயே சுற்றும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு இப்படி மாறாது. ஆண் வருஷம் முழுக்க அதே வண்ணம்தான்.

குயிலும் அங்கேயேதான் இருக்கிறது. அத்தி, ஆல், கறிவேப்பிலைப் பழம் இருக்கும் மரத்தில் இலைக்குள் பாருங்கள். சிவந்த கண்ணோடு வாய்மூடி உட்கார்ந்திருக்கும். அது கூவுவது ஜோடி சேர்வதற்கும் எல்லை காப்பதற்கும். இப்போது இரண்டும் இல்லை. மாசி வாக்கில் திரும்ப ஆரம்பித்துவிடும். வண்ணாத்திக்குருவியும் அப்படித்தான்: காலைப் பாட்டை நிறுத்திவிட்டு மழைக்காலம் முழுக்கக் கரகரவென்று அதட்டிக்கொண்டு திரியும்.

சூறைக்குருவிக் கூட்டம் ஆடி கடைசியிலேயே வந்துவிட்டது. இந்த வருஷம் பனி முன்கூட்டியே வருமா? (சங்கரன்கோவில்)

வராது. சோளக்குருவி என்றும் சொல்லப்படும் இவை நடு ஆசியப் புல்வெளிகளில் மே, ஜூன் மாதங்களில் வெட்டுக்கிளி மிகும் சமயம் பார்த்து அவசரமாகக் குஞ்சு பொரித்துவிட்டு உடனே கிளம்பிவிடும். ஜூலை, ஆகஸ்டில் இந்தியாவுக்குள் வருவது அவற்றின் வழக்கம். கூட்டத்தில் மஞ்சள் அலகோடு மணல் நிறத்தில் இருப்பவை அந்த வருஷத்துக் குஞ்சுகள். மாசியில் கல்யாண முருங்கையும் இலவும் பூக்கும்போது மரத்தையே கலக்கிவிடும், அப்போது இன்னொரு முறை பாருங்கள்.

வாலை மேலும் கீழும் ஆட்டாமல் இடவலமாக ஆட்டும் ஒரு வாலாட்டி பக்கத்துத் தோப்புக்கு வருகிறது. எங்கள் வீட்டுக்கும் வரவைக்க என்ன செடி வைக்கலாம்? (பொள்ளாச்சி)

அது கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் எல்லாம் மேலும் கீழும்தான் ஆட்டும், நெஞ்சில் இரட்டைக் கறுப்புப் பட்டையும் இதற்குத்தான். செடி எதுவும் வாங்க வேண்டாம். துடைப்பத்தைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள். இதுவும் ஆறுமணிக்குருவியும் செந்தலைப் பூங்குருவியும் நிழலில் உதிர்ந்து கிடக்கும் சருகைப் புரட்டித்தான் வயிறு வளர்க்கின்றன. மா, பலா, வேம்பு ஏதாவது ஒன்றின் அடியில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் ஒதுக்கி, இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் சருகை அப்படியே விடுங்கள். மழை ஈரத்தில் சில வாரங்களில் அடிச் சருகு மக்கி, பூரானும் மரவட்டையும் மண்புழுவும் சேரும். வெயில் படும் இடத்தில் போட்டால் காய்ந்த குப்பையாகத்தான் கிடக்கும், ஒன்றும் வராது. போகிக்கு அந்தச் சருகை அள்ளி எரித்துவிட்டால் மூன்று மாத வேலை போச்சு.

பாம்புப் பயம் நியாயமானதே. சருகுத் திட்டு வீட்டுச் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அதன்மேல் செங்கல், ஓடு, விறகு அடுக்காதீர்கள். பாம்புக்குப் பிடித்தது அந்த இடுக்குகள்தான். மாவுப்பூச்சிக்கு மருந்து அடிப்பதாக இருந்தால் அந்தக் கிளைக்கு மட்டும் அடியுங்கள்; தரைக்கு வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டி வைத்தால் டெங்கு கொசு வருமா? (கும்பகோணம்)

வைத்துவிட்டு மறந்தால் வரும். கொசுமுட்டை தண்ணீரில் பொரித்துப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றினால் அதற்கு வழியே இல்லை. ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் ஒட்டி வைக்கும். அது காய்ந்தாலும் பல மாதம் சாகாது. ஆகவே கொட்டினால் மட்டும் போதாது. வாரம் இரண்டு முறை தேங்காய் நாரால் விளிம்பைத் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம்.

சட்டி 30 முதல் 40 சென்டிமீட்டர் அகல மண்சட்டியாக இருக்கட்டும். ஆழம் ஓரத்தில் ஓர் அங்குலம், நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பளபளப்பான பீங்கானும் எவர்சில்வரும் வழுக்கும் என்பதால் பறவை இறங்கத் தயங்கும். அப்படித்தான் இருக்கிறது என்றால் உள்ளே நாலு கூழாங்கல் போடுங்கள். பூனை பதுங்கும் புதரிலிருந்து 2 மீட்டர் தள்ளியும், நனைந்த பறவை ஏறி இறகு கோத ஒரு கிளை பக்கத்திலும் இருக்க வேண்டும். மழை நாட்களில் கவிழ்த்தே வைத்துவிடலாம், தை பிறந்ததும் எடுத்தால் போதும்.

இங்கே ஜனவரியில் விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி. சமவெளிக்குச் சொல்வது எங்களுக்கும் பொருந்துமா? (உதகை)

பாதி பொருந்தும். உறைபனி விழுவது வானம் தெளிந்த இரவில், திறந்த பள்ளத்தில். பறவைகள் சோலை ஓரத்துக்கும் அடர்ந்த வேலிக்கும் ஒதுங்கிக்கொள்கின்றன. பகலில் வெயில் ஏறிவிடும். அதனால் அங்கும் கொழுப்பு உருண்டை தேவையில்லை. உறைந்த தண்ணீரை 8 மணிக்கு மேல் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் போதும். உறையாமல் இருக்க உப்போ கிளிசரினோ கலக்காதீர்கள். வேலியைக் கத்தரிக்கும் வேலையை மாசிக்குத் தள்ளிவையுங்கள், இரவில் வெள்ளைக்கண்ணிகள் ஒண்டுவது அதற்குள்தான்.

இன்னொரு காரணத்துக்காகவும் உங்கள் மேல் பொறாமை: காஷ்மீரில் கூடு கட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தைக் கழிக்கும் சில இடங்களில் நீலகிரியும் ஒன்று, இலங்கை மலைநாடு இன்னொன்று. ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் ஆரஞ்சு, அதைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு. நிழலான தோட்டத்தின் தாழ்ந்த கிளைகளைப் பாருங்கள்.

புயலுக்கு முன் கிளை கழிக்க ஆள் வந்தார். வாசல் கொடிக்கம்பியில் குப்பை போல ஏதோ தொங்குகிறது, கூடா? (கடலூர்)

பக்கத்தில் போய், மேற்பகுதியில் ஒரு பக்கமாக ஓட்டையும் அதன்மேல் சின்னக் கூரை நீட்டலும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் கூடு. சிலந்திவலையில் பட்டைத் தூள், காய்ந்த இலை, புழு எச்சம் எல்லாம் ஒட்டிக் கட்டுவதால் ஒட்டடை என்று அடித்துவிடுகிறார்கள். இது வருஷத்தின் பல மாதங்களில் கூடு வைக்கும். மழைக்காலம் என்பதால் காலி என்று நினைக்க வேண்டாம். ஒரு மணி நேரம் தள்ளி நின்று பார்த்து, பறவை வந்துபோனால் அந்தக் கிளையையும் கம்பியையும் சுமார் ஒரு மாதம் விட்டுவையுங்கள். முட்டை பொரிக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல். அதுவரை மற்றக் கிளைகளைக் கழியுங்கள்.

பார்க்க எது நல்ல நேரம்? பைனாகுலர் என்ன வாங்கலாம்? (நாமக்கல்)

விடிந்து முதல் இரண்டு மணி நேரம் எப்போதும் நல்லது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அதைவிட நல்ல நேரம் பெருமழை விட்ட முதல் அரை மணி. புற்றிலிருந்து ஈசல் கிளம்பினால் காபியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பிடித்துத் திரும்பும், பஞ்சுருட்டான் வட்டமடிக்கும், மேலே உழவாரன், கீழே புற்று வாயிலேயே மைனாவும் தவிட்டுக்குருவியும் சின்னானும். வழக்கமாக ஒன்றையொன்று விரட்டுபவைகூட அந்த நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்னும். 

பைனாகுலர் 8×42 போதும் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்), கை சிறியவர்களுக்கு 8×32. 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் 10 மடங்காகும். தோட்டத்துக்கு முக்கியம், 2 மீட்டர் தூரத்தில் உள்ளதையும் தெளிவாகக் காட்ட வேண்டும். கடையிலேயே உங்கள் செருப்பைப் பார்த்துச் சோதியுங்கள். நம் மழைக்காலத்தில் அதற்கு எதிரி பூஞ்சை. கூடவே வரும் உறையில் வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் 100 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால், சமையலுக்குத் திரும்ப எடுக்காத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும்.

பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு குளிர்காலப் பறவைகளைப் பதிவு செய்ய ஆசை. எப்படி ஆரம்பிப்பது? (புதுக்கோட்டை)

ஓர் இடம், ஒரு நேரம், 15 நிமிஷம். வாரம் ஒரு முறை போதும், ஆனால் இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். நோட்டில் தேதி, தொடங்கிய மணி, மழையா வெயிலா, பறவையின் பெயர், ஒரே நேரத்தில் பார்த்த அதிகபட்ச எண்ணிக்கை. இதில் பிள்ளைகள் தவறும் இடம் எண்ணிக்கைதான்: ஒரே மைனா ஐந்து முறை வந்தால் ஐந்து மைனா என்று எழுதிவிடுவார்கள். பெயர் தெரியாததற்கு ஊகித்துப் பெயர் வைக்காமல், அலகு, புருவம், வால், அது என்ன செய்தது என்று எழுதச் சொல்லுங்கள். மாங்குயில், கொடிக்கால் வாலாட்டி, அரசவால் ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான் நான்குக்கும் முதலில் கண்ட நாள், கடைசியாகக் கண்ட நாள் என்று தனிப் பக்கம் வையுங்கள். நாலைந்து வருஷம் சேர்ந்தால் உங்கள் ஊருக்கே ஒரு பஞ்சாங்கம் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விடுமுறையை ஒட்டி 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது, யாரும் சேரலாம். குறைந்தது 15 நிமிஷம் பார்த்து, பறவைப் பட்டியல்களைப் பதியும் இ-பேர்ட் செயலியில் உங்கள் பட்டியலை ஏற்ற வேண்டும். பார்த்த எல்லா இனங்களையும் எழுதினீர்களா என்று அது கேட்கும். காகத்தையும் புறாவையும் விட்டிருந்தால் 'இல்லை' என்று போடுங்கள். எண்ண முடியாத கூட்டம் என்றால் எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்' போட வழி இருக்கிறது, ஆனால் பத்துப் பத்தாகக் குத்துமதிப்பாக எண்ணிப் போடும் எண் அதைவிடப் பயன்படும்.